கஷ்டப் பாடசாலை

உசனாருக்கு விடியும்போதே இடது தோள் எரிந்தது. உப்புக் கூடை சுமக்கிறவருக்குத் தோள் எரிவது புதினமில்லை. கூலியோடு சேர்ந்து வருகிற சாமான் அது. ஆனால் அன்றைக்கு எரிந்தது உப்பால் அல்ல, கதிரையால். முதல் நாள் பகல் முழுக்க உப்பளத்துப் பாத்தியில் நின்று உப்பை இழுத்துக் குவித்துச் சுமந்துவிட்டு, அஸர் தொழுத கையோடு பள்ளிவாசல் கதிரைகளை அடுக்கடுக்காகத் தோளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் கதிரைதானே, பாரமில்லை என்று நினைத்தது பிழை. உப்பு அரித்த தோல் எங்கே இருக்கிறது என்று கதிரையின் கால் தேடிப் பிடித்துக் குத்தும்.

மனைவி றுக்கியா தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தோளில் தேய்த்தாள். கை எண்ணெயில் இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊருக்கு மாப்பிள்ளை வாறாரா, கல்வித் திணைக்களம் வருதா? என்ட கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்பிடிச் சுமக்கல்ல."

"ஒன்ட கல்யாணத்துக்கு நான்தானே மாப்பிள்ளை. மாப்பிள்ளை கதிரை சுமப்பானா?"

"அண்டைக்குச் சுமக்காததுக்குத்தான் இப்ப சேத்து வச்சிச் சுமக்கிறீங்க," என்று அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துபோனாள். அவளுக்கும் வேலை இருந்தது. வருகிறவர்களுக்குச் சோறு அவள் பொறுப்பு.

மாம்புரியைத் தாண்டி, பஸ் போகிற பாதையை விட்டு இறங்கி, களப்பை நோக்கி மணலுக்குள் போனால் கண்டல்முனை வரும். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் வெங்காயமும் மிளகாயும் போட்ட தோட்டங்கள், நடுவில் பள்ளிவாசல், அதற்குப் பின்னால் பதினோராம் தரம் வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம். அரசாங்கத்தின் கணக்கில் அது ஒரு கஷ்டப் பாடசாலை. நாட்டில் எட்டிப்போக முடியாத இடத்தில், வசதி குறைந்து கிடக்கிற பள்ளிக்கூடங்களுக்கு அப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். ஊரவர்களுக்கு அந்தப் பேர் பிடிக்காது. வெளியூரில் இருந்து பெண் கேட்டு வருகிறவர்கள்கூட, கஷ்டப் பாடசாலையில் படித்த பிள்ளையா என்று மூக்கைச் சுருக்குகிறார்கள் என்று ஒரு கதை ஊரில் உலவியது. யார் சுருக்கினார், எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் ரோஷம்.

அந்தப் பேர்ப் பட்டியலை மாகாணக் கல்வித் திணைக்களம் புதிதாகப் பார்க்கப் போகிறது, அதற்கு ஒரு குழு வருகிறது என்று அதிபர் ஸலாஹுதீன் சேர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சொன்னார். சங்கத்துக்கு உசனார்தான் செயலாளர். படித்தவர் என்பதால் வந்த பதவி அல்ல. கூட்டம் என்றால் நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் அவர் என்பதால் வந்தது.

அதிபர் நல்ல மனிசர், கொஞ்சம் பயந்தவர். குழு எதற்காக வருகிறது என்பதை அவர் முழுதாக வாசித்தாரோ, அரைவாசியோடு நிறுத்திவிட்டாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அவர் கூட்டத்தில் சொன்னது ஒரே விஷயம்: வருகிறவர்கள் மனம் குளிர்ந்து போகவேண்டும்.

மனம் குளிரச் செய்வது எப்படி என்று கண்டல்முனைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அந்த வீட்டின் குறை வருகிற விருந்தாளியின் கண்ணில் படக்கூடாது. அது ஊரின் மானம். சட்டி பானையில் இருந்து கட்டில் விரிப்பு வரைக்கும் நாலு திசையில் இருந்தும் வந்து சேரும். ஒரு கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசல் கதவையே கழற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அன்றிரவு வாசலில் பாயைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறார். விசேஷம் முடிய எல்லாம் அதனதன் வீட்டுக்குப் போய்விடும். இன்னாருடையது இன்னது என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

அதையேதான் பள்ளிக்கூடத்துக்கும் செய்தார்கள். பள்ளிவாசலின் கதிரைகளும் மின்விசிறிகளும் வந்தன. ஸப்ரான் தன்னுடைய போட்டோகொப்பிக் கடையின் கம்பியூட்டர்களைத் தூக்கிவந்து ஓர் அறையில் வைத்து, வாசலில் 'கணினி அறை' என்று ஒட்டினான். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர் என்பதால், சுத்திகரித்த தண்ணீர்க் கேன்கள் வரிசையாக வந்து நின்றன. றுக்கியா தங்கச்சியின் கல்யாணத்துத் திரைச்சீலைகளை ஜன்னல்களில் கட்டினாள். காற்றுக் காலத்தில் மணல் உள்ளே வந்து பிள்ளைகளின் கொப்பிகளை மூடுகிற ஜன்னல்கள் அவை. ஆகப் பெரிய வேலையைச் செய்தவர் பதுர்தீன் ஹாஜியார். குழுவின் வேன் மணலில் புதையக்கூடாது என்று லொறி லொறியாகக் கிறவல் மண் கொண்டுவந்து, பஸ் பாதையில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொட்டி இறுக்கிவிட்டார். அவருடைய வீட்டு முற்றத்துக்குப் போட வைத்திருந்த கிறவல் அது.

இதெல்லாம் நடந்தபோது நப்லா டீச்சர் ஊரில் இல்லை. புத்தளத்தில் ஏதோ ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வு என்று போயிருந்தார்.

நப்லா டீச்சர்தான் கணித ஆசிரியை. கனமூலையில் இருந்து வருகிறவர். விடியுமுன் எழும்பி, பஸ் மாறி மாறி வந்து, இறங்கி மணலில் நடந்து வருவார். அவர் வருவதற்கு முன்னால் கண்டல்முனைக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளே இருக்கவில்லை. சமயப் பாட மௌலவிதான் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மிச்சத்தை அல்லாஹ்விடம் ஒப்படைப்பார். உசனாரின் மூத்த மகள் ஸும்றா அந்தக் காலத்தில் பதினோராம் தரத்து அரசாங்கச் சோதனையான சாதாரண தரம் எழுதினவள். எல்லாப் பாடமும் சித்தி, கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் உயர்தரம் இல்லை. இப்போது கருவாட்டு வாடியில் மீன் கீறுகிறாள். மாலையில் வீட்டுக்கு வந்து, மீன் வாடை போகத் தேசிக்காயால் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். அப்போது உசனார் எழுந்து வெளியே போய்விடுவார்.

இளையவள் ஸஃப்னா வருகிற வருஷம் எழுதவேண்டியவள். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் காய்ச்சல் வருகிற பிள்ளையை நப்லா டீச்சர் எப்படியோ பிடித்து இழுத்துக் கொண்டுவந்திருந்தார். இப்போது அவள், அடுப்படியில் உம்மா அரிசி அளந்தால்கூட விகிதம் சொல்லித் தொல்லை கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

குழு நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே வந்துவிட்டது. தலைவராக வந்தவர் இன்னாசிப்பிள்ளை, சிலாபம் பக்கத்து மனிதர், கனத்த உடம்பு, மெதுவான நடை. கூட ஒரு சிங்கள மிஸ். கேள்வி கேட்கிறதும் குறிக்கிறதும் அவருடைய வேலை. திரைச்சீலைகளைக் கண்டதும் அவர் "லஸ்ஸனய்" என்றார். அழகு என்று சொல்கிறார் என்பது ஊர் முழுக்க விளங்கியது. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

குடிதண்ணீர் உண்டா என்று கேட்டார். "இரிக்கி," என்றார் அதிபர். கணினி? "இரிக்கி." தளபாடம்? அதுவும் இருந்தது. அவர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லாம் அங்கே கண்முன்னால் இருந்ததுதான்.

பிறகு சோறு. றுக்கியா தேங்காய்ப்பால் சோறும், களப்பு இறால் பொரியலும், மாட்டிறைச்சிக் கறியும் வைத்திருந்தாள். இன்னாசிப்பிள்ளை தனக்குச் சீனி வருத்தம், கொஞ்சம் போதும் என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை தட்டை நீட்டினார். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, மின்விசிறிக்குக் கீழே எழுந்து நின்று பேசினார். தான் இந்த மாகாணத்தில் காணாத பள்ளிக்கூடம் இல்லை என்றும், ஒரு கிராமம் தன் பள்ளிக்கூடத்தை இப்படிக் கண்ணைப் போல வைத்திருப்பதை எங்கேயும் கண்டதில்லை என்றும் சொன்னார். கடைசியில், "இதைக் கஷ்டப் பாடசாலை என்று சொன்னவன் ஆர்? இது மத்த ஊருக்கெல்லாம் மாதிரிப் பாடசாலை. நாங்க போய் அந்தப் பேரை முதல் வேலையா எடுத்திடுவம்," என்றார்.

கைதட்டல் எழும்பியது. பதுர்தீன் ஹாஜியார் தட்டினார், அதிபர் கண் கலங்கத் தட்டினார். உசனார் எல்லாரிலும் பலமாக, எரிகிற தோளையும் மறந்து தட்டினார்.

தட்டாமல் நின்றது நப்லா டீச்சர் மட்டும். செயலமர்வு முடிந்து காலையில்தான் நேரே வந்திருந்தார். தன் வகுப்பறையையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அவருக்கு. அதிபரிடம் ஏதோ சொல்லப் போனவரை, பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று அதிபர் கையைக் காட்டி அனுப்பிவிட்டிருந்தார். இப்போது அவர் சுவர் ஓரமாக வந்து உசனாருக்குப் பின்னால் நின்றார்.

"உசனார் நானா, நம்மட பள்ளிக்கூடத்துட ஜனாஸாவுக்குக் கை தட்டுறீங்க."

சாவு வீட்டில் யாராவது கை தட்டுவார்களா? உசனாரின் கை பாதியில் நின்றது.

டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கஷ்டப் பாடசாலை என்ற பேர் இருப்பதால்தான் புதிதாகப் படித்து வருகிற ஆசிரியர்களை அரசாங்கம் முதலில் இங்கே அனுப்புகிறது. அந்தப் பேருக்காகத்தான் சம்பளத்தோடு ஒரு படியும் கொடுக்கிறது. சில வருஷம் இருந்துவிட்டால் தன் ஊருக்கு மாறிப்போகவும் விடுகிறது. பேர் போனால் அதெல்லாம் போகும். மாதிரிப் பாடசாலைக்குத்தான் எல்லாம் இருக்கிறதே என்று ஒருவரையும் அனுப்பமாட்டார்கள். அனுப்பினாலும் ஒருவரும் இந்த மணலுக்குள் வரமாட்டார்கள்.

"எனக்கு இங்க முடிஞ்சிட்டு நானா. தையில ஊருக்கு மாத்தம். எனக்குப் பொறகு ஒருத்தர் வருவார் எண்டுதான் நிம்மதியா இரிந்தன். இப்ப ஒருத்தரும் வரமாட்டாங்க. ஸஃப்னாட வகுப்புக்குக் கணக்கு இல்ல."

உசனாருக்கு முதலில் விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: தேசிக்காய். இரண்டாவது மகளும் வாடியில் இருந்து வந்து கையைத் தேய்க்கப் போகிறாள். அந்தக் கதிரைகளைத் தோள் தோலைக் கொடுத்துச் சுமந்தது தானேதான்.

சிங்கள மிஸ் கொப்பியை மூடிவிட்டார். வேன் சாரதி எழுந்து சாவியைக் கையில் எடுத்தான். விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக் குறையைச் சொல்லுகிறவனைக் கண்டல்முனையில் மனிசன் என்று எண்ணமாட்டார்கள். உசனாரின் வாப்பா, வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில்கூட, வந்தவருக்கு முன்னால் பல் குத்திக்கொண்டு இருந்தவர். உசனார் அதை எல்லாம் நினைத்தார். நினைத்துக்கொண்டே எழுந்து நின்றார்.

"சேர், ஒரு கதை."

எல்லாரும் திரும்பினார்கள். நன்றியுரை என்று நினைத்து அதிபர் சிரித்தார்.

"நீங்க இரிந்த கதிரை பள்ளிவாசல்ட. மேல சுத்துற ஃபேனும் பள்ளிவாசல்ட. இண்டைக்கு லுஹருக்கு எங்கட ஆக்கள் வேர்க்க வேர்க்கத்தான் தொழுதாங்க. கம்பியூட்டர் ஸப்ரான்ட கடைட. தண்ணி வெலைக்கு வாங்கினது. ஜன்னல்ல இரிக்கிறது என்ட மச்சினிட கல்யாணச் சீலை. பள்ளிக்கூடத்துட எண்டு சொல்லுறத்துக்கு இங்க இரிக்கிறது செவரும் புள்ளைகளும்தான்."

பெண்கள் பக்கத்தில் றுக்கியா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். பதுர்தீன் ஹாஜியாரின் முகம் கறுத்தது. அதிபர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அது பள்ளிவாசல் கதிரை என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோலத் திரும்பவும் எழுந்துவிட்டார்.

இன்னாசிப்பிள்ளை உசனார் பக்கம் திரும்பினார். கோபமா, சிரிப்பா என்று பிடிபடாத முகம்.

"நான் கனகாலமா பள்ளிக்கூடம் பாக்கிறன்," என்றார். "குறையைக் கூட்டிக் காட்டினவங்களைக் கண்டிருக்கிறன். கூரை ஓட்டைக் கழட்டி வச்சிட்டு ஒழுகுது எண்டு அழுத இடமும் உண்டு. குறையை இரவல் வாங்கி மூடின ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்." பிறகு கதிரையில் இருந்து தன் பையை எடுத்துக்கொண்டார். "செயலாளர், நீங்க சொன்னதை நான் எழுத ஏலாது. நான் கண்டதைத்தான் எழுதலாம். அதனால எடுங்க. இரவல் எல்லாத்தையும் வெளிய எடுங்க. நான் நிக்கிறன்."

ஸப்ரான்தான் முதலில் போனான்; கடை பூட்டிக் கிடக்கிற கவலை அவனுக்குக் காலையில் இருந்தே. அவன் ஒரு கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வர, உசனார் ஏணியில் ஏறி மின்விசிறியைக் கழற்றினார். றுக்கியா வந்து திரைச்சீலையை உருவினாள். உருவின உடனே காற்று வந்தது. காற்றோடு மணல் வந்தது. சிங்கள மிஸ் முகத்தைத் திருப்பிக் கண்ணைக் கசக்கினார். மூடியிருந்த கொப்பியைத் திரும்பவும் திறந்தார்.

கதிரைகள் போயின. பாங்கு சொல்கிற பள்ளிவாசல் மோதினார், சாவியோடு நின்று, ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டும்போது நிம்மதிப் பெருமூச்சு விட்டார். தண்ணீர்க் கேன்களை உருட்டிக்கொண்டு போனார்கள். வகுப்பறையில் மிஞ்சியது, ஒரு கால் குட்டையான மேசைகளும், நாலு பேர் ஒட்டி இருக்கிற வாங்குகளும், கரும்பலகையில் நப்லா டீச்சர் போன கிழமை எழுதிவிட்டுப் போன ஒரு சமன்பாடும். விசேஷத்துக்காக எல்லாவற்றையும் கழுவின ஆட்கள் அதை மட்டும் அழிக்கத் துணியவில்லை. என்னவென்று தெரியாததால் வந்த மரியாதை.

இன்னாசிப்பிள்ளை கிணற்றடிக்குப் போய்த் தானே வாளியை இழுத்து, ஒரு வாய் குடித்து, துப்பினார். "இதைக் குடிச்சிட்டா புள்ளைகள் படிக்குதுகள்?" என்று கேட்டார். பதில் தேவையான கேள்வி அல்ல. திரும்பி வரும்போது, பதுர்தீன் ஹாஜியார் பாதையோரத்தில் நிற்பதைக் கண்டு, கிறவல் ரோட்டைக் காட்டி, "ஹாஜியார், இதையும் சுருட்டி எடுப்பீங்களா?" என்றார்.

ஹாஜியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது ஏலாது சேர். அது மண்ணோட போயிட்டு."

"அப்ப அதுக்கு நான் கஷ்டப் புள்ளியைக் குறைக்க வேண்டி வரும். நல்ல ரோடு," என்றார் இன்னாசிப்பிள்ளை, வேனில் ஏறிக்கொண்டே.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஊரில் உசனாரோடு கதைப்பவர்கள் குறைந்தார்கள். அதிபர் சலாமுக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். பள்ளிவாசலில் சில பேர் தொழுகைச் சப்பு வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கச் சற்றுத் தயங்கினார்கள். றுக்கியாவின் தங்கச்சி, கல்யாணச் சீலையை ஊர் முன்னால் ஏலம் போட்டவர் என்று சொல்லித் திரிந்தாள். அந்தத் தங்கச்சியோடு மல்லுக்கு நின்றது றுக்கியாதான். வீட்டுக்குள் உசனாரை அவள் என்ன சொன்னாள் என்பது வேறு. வெளியில், "என்ட மனிசன் கதிரை சுமந்ததும் புள்ளைக்குத்தான், அதை எறக்கினதும் புள்ளைக்குத்தான்," என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

வருஷ முடிவில் முடிவு வந்தது. கண்டல்முனை கஷ்டப் பாடசாலையாகவே இருக்கும். ரோட்டுக்குப் புள்ளி குறைந்தாலும் கிணறும் ஜன்னலும் ஈடு கட்டிவிட்டன. அதிபர் அன்றைக்கு உப்பளத்துக்கே நடந்து வந்து, பாத்தி வரம்பில் நின்று உசனாரிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் போக மனமில்லாமல் நின்றார். உப்பு எப்படி, விளைச்சல் எப்படி என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். உசனாருக்கு அது போதும்.

ஆனால் முடிவோடு இன்னொன்றும் வந்தது. புதிய ஆசிரியர் நியமனம் அந்த வருஷம் இல்லை. அடுத்த முறை கொடுக்கும்போது முதல் கண்டல்முனைக்குத்தான், ஆனால் அடுத்த முறைதான். நப்லா டீச்சரின் மாற்றமோ தீர்ந்துவிட்ட விஷயம். கனமூலையில், அவருடைய வீட்டில் இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். வீட்டில் பேசப் பழகுகிற ஒரு மகன் இருக்கிறான்; அவன் தன்னைப் பார்த்துக்கொள்கிற மாமியை உம்மா என்று கூப்பிடுகிறான் என்று டீச்சர் ஒருமுறை றுக்கியாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதனால் அவரை இருக்கச் சொல்ல உசனாருக்கு வாய் வரவில்லை. றுக்கியாவுக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம். இறால் கருவாடு ஒரு பொதி கட்டிக் கொடுத்து, துஆச் செய்யச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

தையில் பள்ளிக்கூடம் தொடங்கின நாள், உசனார் ஸஃப்னாவை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பதினோராம் தரத்தில் கணக்குப் பாடத்துக்கு என்ன செய்வது என்று மௌலவியிடம் கதைக்கலாம் என்று ஓர் எண்ணம். கிறவல் ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் மணல் ஒட்டாமல், நப்லா டீச்சர் வந்துகொண்டிருந்தார்.

உசனார் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு வந்தது கேள்விதான். கேட்டால் அவர் திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

டீச்சரே சொன்னார். மாற்றத்தை ஒரு வருஷத்துக்குத் தள்ளி வைக்கக் கேட்டிருக்கிறார். புருஷன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸஃப்னாவின் வகுப்பு எழுதி முடியும் வரைக்கும் இங்கே இருப்பார். அதற்குமேல் ஒரு நாளும் இல்லை.

"அல்லாஹ் ஒங்களுக்கு நன்மை தருவான் டீச்சர்," என்றார் உசனார்.

"அல்லாஹ் தாறதை நான் அங்க வாங்கிக்கொள்ளுவன்," என்றார் நப்லா டீச்சர். "இது ஸதகா இல்ல நானா, வெளங்குதா? நான் இதைச் சும்மா தரல்ல. என்ட மகன்ட ஒரு வருஷம் இது. கடனாத்தான் தாறன்."

"எப்பிடித் திருப்பித் தாற, டீச்சர்?"

"எனக்குத் தெரியா. அதை நீங்க யோசிங்க."

அவர் வகுப்புக்குள் போனார். ஸஃப்னா பின்னால் ஓடினாள். உசனார் உப்பளத்துக்குப் போகிற வழியில் யோசித்தார். அன்றைக்கும் யோசித்தார், அதற்குப் பிறகும் யோசித்தார். பாத்தியில் நின்று றுக்கியாவையும் அதிபரையும் ஹாஜியாரையும் மனதுக்குள் வரிசையாகக் கேட்டுப் பார்த்தார். பேசப் பழகுகிற பிள்ளையின் ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருவரிடமும் வழி இருக்கவில்லை.

ஸஃப்னா எழுதினாள். கணக்கில் 'சி' சித்தி. உயர்தரத்துக்குப் போகிறாள். நப்லா டீச்சர் இப்போது கனமூலையில் படிப்பிக்கிறார். கண்டல்முனை அவருக்கு ஒரு வருஷம் கடன். இன்னும் கொடுக்கவில்லை.